அறந்தாங்கிப் பக்கத்துக் குழல் ஆர்கனும் அதில் பேசாத மூன்று குழல்களும்

நான் வாகனக் காப்பீட்டு சர்வேயர். நசுங்கிய காரைப் பார்த்து, அது உண்மையிலேயே புளியமரத்தில் மோதியதா, இல்லை மைத்துனன் சுத்தியலால் அடித்ததா என்று சொல்வது என் தொழில். அடுத்தவர் பேச்சை நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். விடுமுறை நாட்களில், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்களைத் தேடிப் போய் இந்த வலைப்பூவில் எழுதுகிறேன். அங்கேயும் அதே புத்திதான், என்ன செய்ய?

ஜனவரியில் ஒரு பழைய எண்ணெய்ச் செக்கைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்குக் கீழே ஜெசிந்தா என்ற பள்ளி ஆசிரியை ஒரு பின்னூட்டம் போட்டிருந்தார். அறந்தாங்கிக்கும் மணமேல்குடிக்கும் இடையில் இருக்கும் தங்கள் ஊர் மாதா கோயிலில், கையால் துருத்தி அடித்து வாசிக்கும் குழல் ஆர்கன் இருக்கிறதாம். வாசிப்பது அவர்தானாம். சில மாதங்களாக மூன்று குழல்கள் பேசுவதில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

நான் நம்பவில்லை. இப்படிச் சொல்லி ஏற்கெனவே இரண்டு ஊர்க்காரர்கள் என் காதில் பூ சுற்றியிருக்கிறார்கள். ஓர் ஊரில் போய்ப் பார்த்தால் காலால் மிதிக்கிற ஆர்மோனியப் பெட்டி. இன்னோர் ஊரில் முன்னால் அழகாகக் குழல்களை வரிசையாக நிறுத்திவிட்டு, பின்னால் கீபோர்டும் ஸ்பீக்கரும் வைத்திருந்தார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள். இந்த முறை ஏமாறக் கூடாது என்று டார்ச், கார் என்ஜினுக்குள் எட்டிப் பார்க்கிற நீளக் கம்பி வைத்த கண்ணாடி, குறடு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். திருநீற்றுப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை கிளம்பினேன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஆர்கன் வாசிப்பது குறைந்துவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

திருச்சியில் காலை ஐந்தே முக்காலுக்குப் பேருந்து. புதுக்கோட்டை வரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டேன், சட்னியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது நல்லது. அங்கிருந்து அறந்தாங்கிக்கு இன்னொரு பேருந்து, ஒரு மணி நேரம். அறந்தாங்கியில் நாகுடி வழியாகப் போகும் டவுன் பஸ் கிடைத்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பூஜ்யம் போட்ட டிக்கெட்டை நான் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டக்டர் கவனித்துவிட்டார்.

"என்னம்மா, கள்ள நோட்டு மாதிரி பாக்குறீங்க? செல்லும், பத்திரமா வைங்க."

இறங்கிய இடத்திலிருந்து கோயில் மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார். எண்பதுக்குச் சம்மதித்தார். உடனே சம்மதித்ததால் அறுபதுதான் நியாயமான கூலி என்று வழியெல்லாம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. அதற்கு நடுநடுவே குவைத்துக்காரர்கள் கட்டிய பச்சை, ரோஸ் வண்ண மாடி வீடுகள். கோயிலுக்கு எதற்கு என்று ஆட்டோக்காரர் கேட்டார், சொன்னேன்.

"அட, அந்தக் கொழாய்ப் பெட்டியா? அதத்தான் சவரிமுத்து முடிச்சு விட்டானே! மூணு கொழாய்க்குள்ள இருந்த ஈயத்தப் பூராம் ஒருக்கி எடைக்குப் போட்டுட்டானாம். நாளைக்கிப் பூசை முடிஞ்சோடன கோயில் பேரவை கூடுது. வேலைய விட்டுத் தூக்கப் போறாக."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் எங்கிட்டுப் பாக்க? ஊரே சொல்லுது."

ஊரே சொல்லுகிறது என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆனாலும் சவரிமுத்து என்ற பெயரை மனசில் குறித்துக்கொண்டேன்.

ஜெசிந்தா டீச்சர் கோயில் வாசலிலேயே நின்றார். நாற்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுகிறவர். விஷயத்தை நடந்துகொண்டே சொன்னார். சவரிமுத்து இந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, விளக்கு, பீடத் துணிகள், பூசையில் ஆர்கனுக்குத் துருத்தி அடிப்பது எல்லாம் அவர் வேலை. மணிக்கூண்டுக்கு அடியிலேயே அவருக்குக் கோயில் கொடுத்த வீடு. மகன் குவைத்தில், வீட்டில் மருமகளும் பேத்தியும். ஆர்கனின் பின்கதவுக்குச் சாவி ஒன்றுதான், அது எப்போதும் அவர் இடுப்பில்தான். குழல் ஒவ்வொன்றாகப் பேசாமல் போக, பழி அவர்மேல் விழுந்துவிட்டது. நாளை அவரை நிறுத்தினால் வீட்டையும் காலி செய்யவேண்டும்.

"ஃபாதர் என்ன சொல்றார்?"

"அவரு வந்து ஒரு வருஷந்தான் ஆகுது மேடம். சாவி யாருகிட்ட இருக்கோ அவருதானே பொறுப்புங்குறாரு. அதான் ஒங்களக் கூப்பிட்டேன். ஒரு மனுசன் வீட்டை விட்டுப் போறதுக்கு முன்னாடி, தெரிஞ்சவங்க ஒருதரம் உள்ள பாத்துச் சொன்னா நல்லது."

இதைப் பின்னூட்டத்திலேயே எழுதியிருக்கலாம் அல்லவா? என்னைத் துப்பறிய வரவழைக்கத்தான் ஆர்கன் என்று தூண்டில் போட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உள்ளே போனேன்.

தூண்டில் இல்லை. பீடத்துக்கு இடப்பக்கம், தரைமட்டத்திலேயே, தேக்குப் பெட்டிக்குள் ஆர்கன் நின்றது. முன்வரிசையில் பதினைந்து உலோகக் குழல்கள், நடுவில் இருப்பது எட்டடி உயரம். ஒவ்வொரு குழலிலும் என் நெஞ்சு உயரத்தில் உதடு வைத்த மாதிரி ஒரு வாய். இது எப்போது வந்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பிரெஞ்சு சாமியார் கப்பலில் கொண்டுவந்தார் என்றார் ஒருவர். வேறு கோயிலில் வேண்டாம் என்று கொடுத்தது என்றார் இன்னொருவர். இரண்டையுமே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

என் கண்ணில் முதலில் பட்டது ஒரு கறுப்பு வயர். சுவர் ஸ்விட்சிலிருந்து ஆர்கன் பெட்டிக்குக் கீழே போயிற்று. ஆகா, மாட்டினீர்களா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் சவரிமுத்து வந்தார். அறுபது வயது தாண்டியவர், கைலியை மடித்துக் கட்டியிருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. பின்னாலேயே நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, கையில் ஒரு பிளாஸ்டிக் கப். பேத்தி ஷைனி.

"இந்த வயர் எங்கே போகுது?" என்றேன்.

"பல்புக்கு."

"ஆர்கனுக்குள்ளே எதுக்கு பல்பு?"

"கடக்காத்து மேடம். துருத்தித் தோலு நமத்துப்போகும். உள்ள ஒரு பல்பு எரிஞ்சா காஞ்சு கெடக்கும். தெறந்து காட்டவா, நம்புறீகளா?"

திறந்து காட்டச் சொன்னேன். பல்புதான். ஸ்பீக்கரைத் தேடி மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்தேன், பல்லி முட்டைதான் கிடைத்தது. ஃபாதரும் வந்து சேர்ந்தார், முப்பத்தைந்து வயதிருக்கும். வணக்கம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னையும் சவரிமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தார்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், இதற்காகத்தானே வந்தீர்கள். பின்கதவைத் திறந்தால் ஒரு ஆள் குனிந்து நுழையலாம். கீழே கட்டில் அளவுக்கு ஒரு தோல் துருத்தி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரக் கைப்பிடியை ஏற்றி இறக்கினால் காற்று அதற்குள் போகிறது. துருத்தியின் தலைமேல் நாலு செங்கல். செங்கல் எதற்கு, எடையைக் கூட்டி விற்கவா என்று நான் கேட்டபோது டீச்சர் சிரித்துவிட்டார். அந்தப் பாரம்தான் காற்றை ஒரே சீராக அழுத்துகிறதாம். கைப்பிடி அடிப்பவர் மூச்சு வாங்கினாலும் பாட்டு மூச்சு வாங்காது.

அங்கிருந்து ஒரு மரக்குழாய் வழியாகக் காற்று மேலே ஒரு நீளப் பெட்டிக்கு ஏறுகிறது. பெட்டிக்கு மேல்தான் குழல்கள் எல்லாம் ஓட்டைகளில் கால் ஊன்றி நிற்கின்றன. உலோகத்தில் வட்டமாக, மரத்தில் சதுரமாக, பென்சில் அளவிலிருந்து ஆள் உயரம் வரை நூற்றுக்கும் மேலே இருக்கும். வாசிக்கிற ஒவ்வொரு கட்டைக்கும் நேரே, பெட்டிக்குள் ஒரு சின்ன மூடி. டீச்சர் முன்னால் கட்டையை அழுத்தினால் ஈர்க்குச்சி போல மெல்லிய மரச்சட்டம் ஒன்று இழுபட்டு அந்த மூடியைத் திறக்கிறது. காற்று குழலின் காலில் ஏறி, வாயில் இருக்கிற மெல்லிய இடுக்கு வழியாக வெளியே வந்து மேலுதட்டில் மோதுகிறது. சத்தம் பிறப்பது அங்கேதான். பாட்டிலின் வாயில் ஊதுகிற அதே கணக்கு. மின்சாரம் வேண்டாம், ஒரு திருகாணி கூடக் கழலவில்லை. நான் சொக்கிப்போய்விட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

சொக்கினாலும் வந்த வேலையை விடவில்லை. சவரிமுத்துவைத் துருத்தி அடிக்கச் சொன்னேன், டீச்சரைப் பேசாத மூன்று கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னேன். உள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டம் இழுபடுகிறது. மூடி திறக்கிறது. குழலின் காலில் விரல் வைத்தால் காற்று ஏறுவது தெரிகிறது. ஈயத்தை உருக்கியது, எடைக்குப் போட்டது எல்லாம் சுத்தப் புளுகு. உள்ளே ஒரு கோளாறும் இல்லை.

புடவையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தேன். பேசாத மூன்றும் முன்வரிசைக் குழல்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வாய்களைத் தொடுவதற்குப் பின்கதவும் வேண்டாம், சாவியும் வேண்டாம். கோயிலுக்குள் வருகிற யார் வேண்டுமானாலும் கை நீட்டலாம். சாவி, சாவி என்று எல்லோரும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கண்ணாடியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன்.

"அங்கிட்டு வேணாம் மேடம்," என்றார் சவரிமுத்து அவசரமாக. "தேளு கெடக்கும்."

இத்தனை நேரம் தேளைப் பற்றிப் பேச்சே இல்லையே!

"உள்ளே படுத்திருந்தபோது தேள் இல்லை, வெளியே மட்டும் இருக்கா?"

"டீ சாப்பிட்டுட்டுப் பாக்கலாமுல்ல. மருமக மேரி போட்டு வச்சிருக்கும்."

நெற்றியில் வேர்வை. கை கைப்பிடியை விடவில்லை. இருபத்திரண்டு வருடத் தொழிலில் இந்த முகத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! இந்த ஆள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஃபாதரும் அப்படித்தான் நினைத்தார் என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. அதற்குள் பன்னிரண்டு ஆகிவிட்டது என்று சொல்லி சவரிமுத்து மணியடிக்க ஓடிவிட்டார்.

மணிக்கூண்டு நாங்கள் நின்ற இடத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். முதல் அடிக்கே நான் துள்ளிவிட்டேன், கண்ணாடி கையிலிருந்து விழுந்தது. ஷைனி என் காலடியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கப்பில் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். இமைகூட அசையவில்லை.

"தைரியசாலிப் பொண்ணு," என்றேன்.

"மணிக்கு அடியிலேயே பொறந்தவள்ல மேடம்," என்றார் திரும்பி வந்த சவரிமுத்து. இப்போதுதான் அவர் முகத்தில் முதல்முறையாகப் பெருமை தெரிந்தது. "தொட்டில்ல கெடக்கயிலேயே பழகிப்போச்சு. இடி விழுந்தாலும் முழிக்க மாட்டா. பேச்சு மட்டும் இன்னும் வரல. அவுக அப்பனும் நாலு வயசுக்கு மேலதான் பேசுனான்."

நான் கண்ணாடியை எடுத்து முதல் குழலின் வாய்க்குள் விட்டேன். உள்ளே ஏதோ பளபளத்தது. காற்று வருகிற இடுக்கை அப்படியே மூடிக்கொண்டு ஒரு தகடு. குறடால் பிடித்து மெதுவாக இழுத்தேன். வந்தது ஒரு நாக்கு.

வேளாங்கண்ணிக் கடைகளில் விற்பார்களே, கண், கை, கால் என்று வெள்ளை உலோகத் தகட்டில் அடித்த நேர்ச்சைச் சாமான்கள், அதில் நாக்கு. சுண்டுவிரல் நீளம். இரண்டாவது குழலிலும் நாக்கு. மூன்றாவதிலும் நாக்கு. மூன்றையும் உள்ளங்கையில் வைத்து ஃபாதரிடம் நீட்டினேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திமிர் எனக்கு.

ஃபாதர் சவரிமுத்துவைப் பார்த்தார். "இது என்ன?"

"நான்தான் வச்சேன் சாமி," என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு.

"எதுக்கு?"

"வச்சேன். அவ்வளவுதான். நாளைக்கிப் பேரவையில சொல்லிருங்க. நான் வீட்டைக் காலி பண்ணிக்கிறேன்."

ஃபாதர் பெருமூச்சு விட்டார். எனக்கு இடித்தது. கேட்டவுடன் தப்பை ஒத்துக்கொள்கிற டிரைவர் ஒருவரும் வண்டியை ஓட்டியவராக இருக்கமாட்டார். ஓட்டியது லைசென்ஸ் இல்லாத மகனாக இருக்கும். என் தொழிலில் இது அரிச்சுவடி.

"நீங்க வைக்கலை," என்றேன். "யாரைக் காப்பாத்துறீங்க?"

பக்கவாசலில் டீத் தம்ளர்களோடு ஒரு பெண் நின்றிருந்தாள். மருமகள் மேரி, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தட்டை அப்படியே தரையில் வைத்தாள்.

"மாமா பொய் சொல்றாக. நான்தான் வச்சேன்."

"நீ உள்ள போ ஆத்தா," என்று சவரிமுத்து சத்தம் போட்டார். "நேர்ந்தத வெளிய சொன்னா பலிக்காதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"பலிக்க வேணாம் மாமா. வீடு போயி, நீங்களும் போயி, எனக்கு என்னத்தப் பலிச்சு என்ன?" அவள் அழவில்லை, கோபமாகத்தான் பேசினாள். ஃபாதர் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் மாதா காலடியில வைக்கிறாக சாமி. எம்பிள்ளைக்கிப் பேச்சுல்ல வேணும்? இதுக்கு இத்தன வாய் இருக்கு, ஒன்னுலயும் நாக்கு இல்ல. நான் நாக்கு குடுத்தா இது எம்பிள்ளைக்கிப் பேச்சுக் குடுக்கும்னு நேர்ந்துக்கிட்டேன். வச்ச மறுநா பூசையில அந்தக் கொழலு பேசல. ஏத்துக்கிருச்சுன்னு நெனச்சேன். அதோட சத்தத்த எம்பிள்ளைக்கின்னு எடுத்து வச்சிருக்குன்னு நெனச்சேன். ஒன்னு பத்தலைன்னு இன்னும் ரெண்டு வச்சேன்."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கையிலிருந்த மூன்று நாக்கையும் ஆர்கனுக்கு முன்னால் தரையில் வைத்தேன். "சரி, இப்போ குழல் பேசுதான்னு பார்க்கலாம்" என்று அதட்டலாகச் சொன்னேன்.

சவரிமுத்து கைப்பிடியைப் பிடித்தார். டீச்சர், பேசாமல் இருந்த மூன்றில் ஒன்றான நடுக்குழலின் கட்டையை அழுத்தினார். அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. ஜன்னல், பெஞ்சு, என் பல் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தது. உத்தரத்திலிருந்து புறாக்கள் கலைந்து பறந்தன. ஃபாதரே ஓரடி பின்னால் நகர்ந்தார்.

ஷைனி திரும்பவில்லை. ஆர்கனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நான் வைத்திருந்த மூன்று நாக்குகளையும் கப்பில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தடுக்கி, தற்செயலாகப் பெட்டியின் மரத்தில் கையை ஊன்றினாள். அப்போதுதான் திடுக்கிட்டாள். கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். சிரித்தாள். இரண்டு கையையும், கன்னத்தையும் மரத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். டீச்சர் விரலை எடுத்தார். சத்தம் நின்றது. பிள்ளை டீச்சரைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தாள், இன்னும் கொடு என்கிற மாதிரி அதைத் தட்டினாள்.

மணி அடித்தபோது நான் துள்ளினேன், அவள் இமை அசையவில்லை. பழகிப்போச்சு என்றார் தாத்தா. ஆனால் மணி அடிக்கிற சவரிமுத்துவே, அறுபது வருடம் பழகியவரே, ஆர்கன் பேசியபோது ஒரு தரம் திடுக்கிட்டாரே!

"மேரி, பிள்ளையோட காதைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"காதெல்லாம் நல்லாக் கேக்கும் மேடம். கூப்பிட்டா ஓடி வருவா."

"இப்போ கூப்பிடுங்க. பின்னால இருந்து. காலைத் தரையில் தட்டாம, கையைக் காட்டாம."

மேரி என்னை முறைத்தாள். பிறகு கூப்பிட்டாள். "ஷைனி." பிள்ளை மரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. "ஷைனிம்மா." சவரிமுத்து கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏய் ஷைனி!" மூன்றாவது தடவை மேரி கத்தியே விட்டாள். கோயில் முழுக்க எதிரொலித்தது. நான் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கல்தரையில் போட்டேன். திரும்பவில்லை.

மேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இத்தன நாளா நான் பேசுனது?" என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா, ஃபாதரைக் கேட்டாளா தெரியவில்லை. "தொட்டில்ல போட்டுப் பாடுனது? அவுக அப்பா போனுல பேசுனது? ஒன்னுமே கேக்கலையா அவளுக்கு?"

சவரிமுத்து ஒரு தடவை மணிக்கூண்டுப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். அந்த வீட்டில் எது விழுந்தாலும், எது வெடித்தாலும், பிள்ளை அசையாததற்கு எல்லோரிடமும் ஒரே பதில் இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை அந்தப் பதிலை அவர் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தார். இதை அவருக்கு நான் சொல்லவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது.

ஃபாதர்தான் முதலில் சுதாரித்தார். திங்கட்கிழமை தானே வண்டியில் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். சவரிமுத்துவின் கையைப் பிடித்து, "நாளைக்குப் பேரவையில நானே பேசுறேன், ஒங்களச் சந்தேகப்பட்டது என் தப்பு" என்றார். சவரிமுத்து ஆறிப்போன டீயை எடுத்து எனக்குக் கொடுத்தார். அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அதில் பிள்ளையின் பெயர் சேர்த்திருக்கிறதா என்று நான் கேட்டேன். அது எனக்குத் தெரிந்த விஷயம். பெயர் சேர்க்கவில்லை. அதை எப்படிச் சேர்ப்பது என்று மேரியிடம் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

மூன்றரை மணிக்குக் கிளம்பினேன். அதே ஆட்டோக்காரர். "என்னங்க, கெழவன் மாட்டுனானா?" என்று ஆவலாகக் கேட்டார். குழல்கள் மூன்றும் பேசுகின்றன, ஈயம் ஒரு குண்டுமணி குறையவில்லை, ஊரில் போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு ஏமாற்றம். இந்த முறை அறுபதுதான் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பார்த்தீர்களா?

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். ஊர்ப் பெயரைப் போடவேண்டாம் என்று ஃபாதர் கேட்டுக்கொண்டார். பழைய சாமான் வியாபாரிகள் தொல்லை வரும் என்கிற பயம், அது நியாயமானதுதான். பின்னூட்டத்தில் கேட்டால் டீச்சரிடம் அனுமதி வாங்கித் தருகிறேன். நீங்கள் யார் என்று நானும் இரண்டு கேள்வி கேட்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அறந்தாங்கியிலிருந்து காலை பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்கவேண்டும். தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும், கோயில் பக்கம் கடை கிடையாது. ஆர்கனுக்குள் நுழைய விட்டால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள், மரச்சட்டங்கள் மாட்டினால் ஒடிந்துவிடும். தோல் துருத்தியின்மேல் கை ஊன்றாதீர்கள். குழல் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள், வாய் இடுக்கில் தூசி விழுந்தால் கூடக் குரல் மாறிவிடும். பூசை நேரத்தில் போனால் முழுதாகக் கேட்கலாம். பெரிய குழல் பேசும்போது பெட்டியின் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

இதை எழுதுகிற இன்றைக்குக் காலையில் ஜெசிந்தா டீச்சர் போன் செய்தார். சவரிமுத்து வேலையில்தான் இருக்கிறார், வீடும் அவருக்குத்தான். ஷைனிக்குப் பரிசோதனை முடிந்துவிட்டது. இரண்டு காதிலும் கேட்பது மிகக் குறைவாம். இப்போதைக்குக் கருவி மாட்டியிருக்கிறார்கள், அறுவை சிகிச்சைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். மாட்டிய முதல் நாள் அம்மா தம்ளரை வைத்த சத்தத்துக்கே மிரண்டு அழுதாளாம். பேச்சு வந்துவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. வருமா என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்பவும் மாட்டேன்.

மேரி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அவ வாயே மூடுறதில்ல மேடம்," என்றார் டீச்சர். "காலையில எந்திரிச்சதுல இருந்து பிள்ளைய மடியில வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே கெடக்கா. இந்த நாலு வருசமா சொன்னதையெல்லாம் மறுபடி மொதல்ல இருந்து சொல்லிக்கிட்டிருக்கா. 'நான்தான் ஒன்னோட அம்மா'ங்குறதுல இருந்து."